கட்டிலுக்கு அடியில் மூன்று நாள்... மீட்கப்பட்ட நாயை வீட்டுக்குக் கூட்டி வரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். ‘ஆத்துப் படித்துறையில சாக்குப்பைக்குள்ள நாலு குட்டி கெடக்கு. நாலுமே பொட்டக்குட்டி. யாராச்சும் எடுத்துக்கோங்க ப்ளீஸ்’ என்று ஒரு ஸ்டேட்டஸ். கூடவே டார்ச் வெளிச்சத்தில் எடுத்த மங்கலான படம். ஓர் அழுகை எமோஜி போட்டுவிட்டு அடுத்த ஸ்டேட்டஸுக்குப் போயிருப்பீர்கள். நானும் பல தடவை அப்படித்தான் போயிருக்கிறேன்.

நாலஞ்சு மாசம் கழித்து அதே நம்பரிலிருந்து இன்னொரு ஸ்டேட்டஸ் வரும். இடது பக்கம் முடி உதிர்ந்து, எலும்பும் தோலுமாக ஒரு நாய். வலது பக்கம் அதே நாய் மினுமினுவென்று, யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் மல்லாந்து படுத்திருக்கும். ‘அப்போ - இப்போ’ படம். லைக் அள்ளும்.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெல்டரில் ஆறுவது பெரும்பாலும் உடம்புதான். பயம் ஆறுவது தத்தெடுத்த வீட்டில். அந்தப் பாதி வேலை உங்களுடையது. அது தெரியாமல் கூட்டி வந்து, ஒரே வாரத்தில் ‘செட் ஆகல’ என்று கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நாய்க்கு அது இரண்டாவது தடவை தெருவில் விடப்பட்ட மாதிரி.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி வட்டாரத் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்து ஷெல்டரில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது ஞாபகம் இருக்கும். நாடு முழுக்க ஒரே களேபரம். ஆகஸ்ட் 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவை, அப்படிச் சந்தேகப்படுபவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு. 

அந்த உத்தரவில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு வரி நம் விஷயத்துக்கு முக்கியம். தெருநாயைத் தத்தெடுக்க விரும்புபவர்கள் உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பிக்கலாம். அடையாளக் குறி போட்டுத் தருவார்கள். ஆனால், அந்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு.

நவம்பர் 7-ம் தேதி அடுத்த உத்தரவு. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பஸ் ஸ்டாண்டுகள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், மறுபடி அங்கேயே கொண்டுவந்து விடக் கூடாது. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். திருநெல்வேலி ஜங்ஷன், வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டு, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் இருக்கும் காலேஜ்கள்... அங்கே கேன்டீன் வாசலில் படுத்துக்கிடக்கும் நாய்களுக்குப் போக்கிடம் வேண்டும். ஷெல்டர்களில் கூட்டம் கூடும். ஒரு நாய் வீடு போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த நாய்க்கு இடம்.

ஷெல்டர் என்றதும் பெரிய காம்பவுண்டைக் கற்பனை பண்ணாதீர்கள்

சென்னையில் 1959-ல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் மாதிரி பெரிய இடங்கள் எல்லா ஊரிலும் இல்லை. சின்ன ஊர்களில் ‘ஷெல்டர்’ என்பது பெரும்பாலும் ஒருவருடைய வீட்டு மாடி, வாடகைக்கு எடுத்த தகர ஷெட், அல்லது தோப்புக்குள் கம்பி வலை கட்டிய நாலு அறை. காலையில் ஆபீஸுக்குப் போகும் முன் அரிசியும் கோழிக்கறியும் வேகவைத்து, சாயங்காலம் வந்து கூண்டு கழுவும் தன்னார்வலர்கள்தான் அதை நடத்துகிறார்கள்.

வைத்தியத்துக்கு நெல்லைக்கு ஒரு பலம் இருக்கிறது. ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி. 2012-ல் தொடங்கியது. எக்ஸ்ரே, ஆபரேஷன் என்று பெரிய வேலைகளுக்கு அங்கே தூக்கிக்கொண்டு போகலாம். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிச் சேவையும் உண்டு. ஆனால் அது முதன்மையாக ஆடு, மாடுகளுக்கானது. ‘நாய்க்கு வண்டி வரலை’ என்று அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

உடம்பு எப்படி ஆறுகிறது?

புதிதாக வந்த நாயை நேரே கூட்டத்தோடு விட மாட்டார்கள். பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை தனியாக வைப்பார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரியான வைரஸ்கள் உடம்புக்குள் இருந்தும் வெளியே தெரியாமல் இருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு குட்டிக்குப் பார்வோ வந்தால் ஷெட் முழுக்கப் பரவும். ரத்த வயிற்றுப்போக்கு, வாந்தி, இரண்டே நாளில் தண்ணீர்ச் சத்தெல்லாம் போய்ச் சுருண்டுவிடும். டிரிப்ஸ் ஏற்றிக் கவனித்தால் நிறையக் குட்டிகள் பிழைக்கும். கவனிக்காவிட்டால் பெரும்பாலானவை பிழைக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டில் போன வருஷம் பார்வோ வந்து ஒரு குட்டி இறந்திருந்தால், தடுப்பூசி முடியாத புதுக் குட்டியைக் கொண்டுவரவே கூடாது. அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கெல்லாம் அது மசியாது, பிளீச் வேண்டும். தடுப்பூசிகளை முடித்த பெரிய நாயை எடுப்பது அந்த மாதிரி வீட்டுக்கு நல்லது.

அடுத்து, பட்டினி. எலும்பு தெரிகிற நாயைப் பார்த்ததும் நமக்குக் கை பரபரக்கும். பிரியாணியே வாங்கிக் கொட்டலாம் போலத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. நாள்கணக்கில் வெறும் வயிறாக இருந்த உடம்புக்குத் திடீரென நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளையாகக் கொடுத்து, பல நாள்களில்தான் முழு அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

சொறி பற்றிச் சொல்ல வேண்டும். முடியெல்லாம் கொட்டி, தோல் யானைத் தோல் மாதிரி தடித்து வரும் நாய்களை எல்லோரும் ஒதுக்குவார்கள். ஆனால், பார்க்கத்தான் பயங்கரம், ஆறுவதில் இதுதான் ஈஸி. சொறியை உண்டாக்கும் பூச்சிகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று அரிப்பெடுக்கும், தொற்றும், மனிதர்கள் மேலும் கொஞ்ச நாள் தடிப்பு வரவைக்கும். இன்னொன்று எதிர்ப்புச் சக்தி குறைந்த நாய்க்கு வருவது, அது தொற்றாது. இரண்டுக்கும் இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. இரண்டு மாசத்தில் முடி முளைக்க ஆரம்பித்து, ‘இது அந்த நாய்தானா’ என்று கேட்க வைக்கும். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். ‘எங்க ஊர்ல அதான் பூசுவோம், கேக்கும்லா’ என்று சொல்லும் அண்ணாச்சிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. நாய் உடம்பை நக்கும். ஆயில் வயிற்றுக்குள் போகும். தோல் வெந்துபோகும்.

உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. ஈறு வெளுத்து, சாப்பிடாமல், சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் வரும். நாலு வாரம் வரை மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். ரெண்டாவது வாரமே நாய் துள்ளிக் குதிக்க ஆரம்பித்துவிடும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். அந்தத் தப்பு வேண்டாம். இனச்சேர்க்கையில் பரவும் கட்டி என்று ஒன்று இருக்கிறது. பின்பக்கம் ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். ‘கேன்சராம்’ என்றதும் கைவிட்டுவிடுவார்கள். வாரம் ஒரு ஊசி வீதம் நாலிலிருந்து ஆறு வாரம் வின்கிரிஸ்டின் போட்டால் பெரும்பாலான நாய்களுக்கு முழுசாகக் குணமாகிவிடுகிற கேன்சர் அது!

நாலுவழிச் சாலையில் அடிபட்டுக் கால் எடுக்கப்பட்ட நாய்களைப் பற்றி நமக்குத்தான் கவலை. நாய்க்கு அந்தக் கவலை ரொம்ப நாள் கிடையாது. சில வாரங்களில் மூன்று காலில் ஓடப் பழகிவிடும். எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தத்தெடுக்க யோசிப்பவர்கள் மூன்று கால் நாயைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டுக்குள் வளர்க்கும் நாய்க்கு மூன்று கால் தாராளம்.

இதெல்லாம் முடிந்ததும் கருத்தடை. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து கட்டுப்படுத்தும் திட்டத்தை 1964-ல் சென்னையில் ப்ளூ கிராஸ் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டு கொல்வதைக் கைவிட 1996 வரை ஆனது. அதன் பிறகே 2001-ல் மத்திய அரசின் விதிகள் வந்தன. 2023-ல் அவை புதுப்பிக்கப்பட்டன. தெருவில் காது நுனியில் ஒரு சின்ன வெட்டோடு நாயைப் பார்த்தால், ‘யாரோ பாவி வெட்டிட்டான்’ என்று பதறாதீர்கள். கருத்தடை முடிந்தது என்பதற்கான அடையாளம் அது. பூட்டான், தன் தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடை முடித்துவிட்டதாக 2023-ல் அறிவித்தது. 2009-ல் தொடங்கிய வேலை, பதினாலு வருஷம் பிடித்தது. நாம் தத்தெடுக்கிற ஒன்றிரண்டு நாயால் தெருவில் எண்ணிக்கை குறையப்போவதில்லை, அதைக் கருத்தடைதான் செய்யும். தத்தெடுப்பு அந்த ஒரு நாய்க்கானது.

கன்னியும் சிப்பிப்பாறையும் ஷெல்டருக்கு ஏன் வருகின்றன?

நம் பக்கத்துப் பெருமை இந்த நாய்கள். கோவில்பட்டி, ராஜபாளையம் வட்டாரமும் நெல்லைச் சீமையும் சேர்ந்து வளர்த்த இனங்கள். 2005-ல் வெளியான இந்திய நாய்கள் தபால் தலை வரிசையில் ராஜபாளையம் இருந்தது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலியில் இவற்றின் பெயர்களைச் சொன்னார். ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கருப்பியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெருமை கூடக் கூட, இன்ஸ்டா ரீல்ஸ் பார்த்துக் குட்டி வாங்குபவர்களும் கூடுகிறார்கள்.

பிரச்னை எங்கே வருகிறது? இவை முயலை விரட்டி ஓடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய்கள். (முயல் வேட்டை இப்போது சட்டப்படி குற்றம், அது வேறு கதை.) அந்தக் காலும் நெஞ்சும் ஓடத்தான் கேட்கும். பத்துக்குப் பத்து பால்கனியில் கட்டிப்போட்டால், செருப்பைக் கிழிக்கும், ராத்திரி ஊளையிடும், ஒரு நாள் காம்பவுண்டைத் தாண்டிவிடும். புது ஆட்களிடம் சட்டென்று ஒட்டவும் ஒட்டாது. ‘லாப்ரடார் மாதிரி கொஞ்சலையே’ என்று எட்டு மாசத்தில் அலுத்துவிடும். பிறகு தாழையூத்துப் பக்கமோ, ஏதோ ஒரு குளத்தங்கரையிலோ இறக்கிவிட்டு பைக்கைத் திருப்புவார்கள்.

இவற்றைத் தத்தெடுப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. முதலாவது, விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த இனத்தின் உடல்வாகு. ‘இன்னும் தேறலையே’ என்று சோற்றைத் திணித்துக் குண்டாக்கிவிடாதீர்கள். இரண்டாவது, சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஒரு பூனையோ அணிலோ ஓடினால் போதும், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. இன நாய்க் குட்டி போட்டு விற்கலாம் என்று ‘இலவச’ அடாப்ஷனுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பொறுப்பான ஷெல்டர்கள் கருத்தடை முடிக்காமல் கன்னியையும் சிப்பிப்பாறையையும் தருவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன நாய்களுக்காவது போன் வரும். போனே வராதவை கறுப்பு நாட்டு நாயும் பொட்டக்குட்டியும்தான். தேய்பிறை அஷ்டமி அன்று பைரவர் சன்னதியில் வடைமாலை சாத்திவிட்டு, வாசலில் நிற்கும் கறுப்பு நாய்க்கு பிஸ்கட் போடுவோம். அதே நாயை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னால், ‘வெள்ளையா, பிரவுனா எதுவும் இல்லையா?’ என்று கேட்போம். பொட்டக்குட்டி வேண்டாம் என்பதற்கு ஊர் சொல்லும் ஒரே காரணம், ‘வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போட்டா யாரு பாக்க?’. ஒரு கருத்தடை ஆபரேஷனோடு தீர்ந்துபோகிற காரணம் அது. சாக்குப்பைக்குள் படித்துறைக்கு வரும் குட்டிகள் ஏன் எப்போதும் பொட்டைகளாகவே இருக்கின்றன என்று இப்போது புரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு...

நாய் வளர்ப்பவர்களிடையே உலகம் முழுக்க ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாசம். முதல் மூன்று நாள் மிரட்சி. மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும். மூன்று மாசத்தில்தான் ‘இது நம்ம வீடு’ என்ற நினைப்பு வரும். விஞ்ஞான விதி ஒன்றும் இல்லை, அனுபவக் கணக்குதான். சில நாய்க்கு ஒரு வருஷம்கூட ஆகலாம்.

என் கதையைச் சொல்கிறேன். மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயசு இருக்கும் என்றார்கள். கறுப்பு, பெண், முன்னங்காலில் பிளேட் வைத்த தழும்பு. மேலே சொன்ன ‘போன் வராத’ லிஸ்டில் எல்லாமே டிக். வந்ததும் கட்டிலுக்கு அடியில் போனவள் மூன்று நாள் வெளியே வரவில்லை. நான் முதல் நாளே சொந்தக்காரர்கள், ஃபிரெண்ட்ஸ் எல்லோரையும் கூப்பிட்டு ‘பாருங்க, பாருங்க’ என்று குனிந்து குனிந்து காட்டினேன். பன்னிரண்டு முகங்கள் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? கடைசியில் எங்கள் ஆச்சிதான், ‘ஏட்டி, அதைச் சும்மா விடேன். கல்யாணமாகி வந்த புதுசுல நானும் அடுக்களைய விட்டு வரலை’ என்றார். அப்புறம்தான் கதவைச் சாத்தினேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாள் அதைவிடப் பெரிய முட்டாள்தனம். கழுத்துப் பட்டை மட்டும் போட்டு சமாதானபுரம் வரை வாக்கிங் கூட்டிப்போனேன். ஒரு பஸ் ஏர்ஹார்ன் அடித்தது. பின்னால் நகர்ந்து, தலையை ஒரு உதறு. பட்டை என் கையில், நாய் ரோட்டில். ஆறு மணி நேரம் தேடி, ஒரு ஹோட்டல் பின்பக்கம் விறகுக்கட்டைக்கு நடுவில் கண்டுபிடித்தோம். புதிதாக வந்த நாய் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான், முதல் வாரத்தில், கழுத்துப் பட்டை கழன்று. அதனால் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. முதல் ஒரு மாசம் இப்படித்தான் வெளியே போக வேண்டும். பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதியிருக்கட்டும். 

முதல் நாள்களில் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு மூலை, ஒரு பழைய சாக்கு அல்லது போர்வை, தண்ணீர். குளிப்பாட்ட வேண்டாம். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்க்க வேண்டாம், நாய்க்கு அது மிரட்டல். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து போன் பாருங்கள். (நமக்குத் தெரிந்த வேலைதானே!) அதுவாக வந்து முகர்ந்தால் முகரட்டும். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல், மோவாய்க்கு அடியில் தடவுங்கள். துடைப்பத்தைக் கண்டால் பதுங்கும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பு, ஹெல்மெட், மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயம் இருக்கும். அதைத் தூக்கிக் காட்டி ‘ஒண்ணுமில்ல பாரு’ என்று நிரூபிக்க நினைக்காதீர்கள். அந்தப் பொருளைத் தூரத்தில் வைத்துவிட்டு, அது கண்ணில் படும்போதெல்லாம் ஒரு துண்டு முட்டை கொடுங்கள். பல வாரங்கள் ஆகும். ஆனால் வேலை செய்யும்.

வீட்டுக்குள் ஒன்றுக்குப் போவது, சாப்பாட்டைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடுவது, தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுவது எல்லாம் முதல் வாரங்களில் சகஜம். பசித்துக் கிடந்த நாய் தட்டைக் காவல் காப்பதில் என்ன ஆச்சர்யம்? சாப்பிடும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தட்டைப் பிடுங்கிப் ‘பழக்காதீர்கள்’.

கடித்துவிட்டால்?

இதைப் பேசாமல் நாய்ப் பாசம் மட்டும் பேசினால் அது நேர்மை இல்லை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் நாய்க்கடி பதிவாகிறது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால், மனிதனுக்கும் சரி, நாய்க்கும் சரி, பிழைப்பது ஏறக்குறைய கிடையாது. எனவே, புது நாய் பயத்தில் லேசாகப் பல் பதித்தாலும், நகத்தால் கீறி ரத்தம் வந்தாலும், ‘ஊசி போட்ட நாய்தான’ என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரி. தடுப்பூசி இலவசம். சொல்லும் தேதிகளில் எல்லா டோஸும் போட வேண்டும், இரண்டோடு நிறுத்தக் கூடாது. அடிக்கடி நாய் மீட்கப் போகும் ஆளாக இருந்தால், கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

நாய்க்கான கணக்கு இது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் நாலு மாச வயது வரை. மூன்று மாசத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அதன் பிறகு டாக்டர் சொல்லும் தேதியில், வழக்கமாக வருஷா வருஷம். ஷெல்டர் தரும் தடுப்பூசிப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். மாநகராட்சியில் செல்லப்பிராணிப் பதிவு கேட்டாலும் அதுதான் உதவும்.

அல்வா கிடையாது!

சாதம், வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் பூசணி அல்லது கேரட், மோர் சாதம். உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல். நம் ஊர் நாட்டு நாய்க்கு இதுவே நல்ல ஆரம்பம். விலையுயர்ந்த பாக்கெட் உணவு கட்டாயம் இல்லை, ஆனால் வெறும் பால்சோறு மட்டும் போதாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் எல்லாம் நாய்க்கு விஷம். அல்வாவும் வேண்டாம். ஒரு துண்டில் எவ்வளவு நெய் என்று நமக்குத் தெரியாதா? அவ்வளவு கொழுப்பு கணையத்தைப் பதம்பார்க்கும், அழற்சி வந்து டிரிப்ஸ் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகலாம். நொண்டுகிறதே என்று நம் வீட்டு வலி மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரூஃபனும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆற்றங்கரை வீடுகளுக்கு மட்டும் ஒன்று

2023 டிசம்பர் 17, 18-ஐ நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஜங்ஷன் பகுதி மிதந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. அப்படி ஒரு ராத்திரியில் கட்டிப்போட்ட நாய்க்கு நீந்தத் தெரிந்தும் பலன் இல்லை. தாமிரபரணிக் கரையிலோ வாய்க்கால் ஓரமோ இருப்பவர்கள், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இரவில் நாயைச் சங்கிலியில் கட்டாதீர்கள். வீட்டை விட்டுப் போக வேண்டிவந்தால் கூட்டிப் போங்கள், முடியவே இல்லையென்றால் அவிழ்த்தாவது விடுங்கள். தேங்கிய தண்ணீரில் விளையாடி எலிக்காய்ச்சல் பிடிப்பது நாய்க்கும் உண்டு. நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் அதற்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறது, கேட்டுப் போடுங்கள்.

வாடகை வீடா?

அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது என்கிறது விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். ஆனால், வீட்டு ஓனர் விஷயம் வேறு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். ‘அப்புறம் சமாளிச்சுக்கலாம்’ என்று திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த நாய்கள்தான் ஆறு மாசத்தில் மறுபடி ஷெல்டரில் நிற்கின்றன. படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகப்போகிறவர் நீங்கள் என்றால், தத்தெடுக்காமல் ‘ஃபோஸ்டர்’ ஆக ஒரு மாசம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்த நாய்க்கு அந்த ஒரு மாச வீடுதான் ரொம்பத் தேவை. ஷெல்டர்காரர்கள் உங்கள் வீட்டைப் பார்க்க வந்தாலோ, ஆதார் நகல் கேட்டாலோ, ‘நாய்க்குட்டிக்கு இவ்ளோ பில்டப்பா’ என்று முறைக்காதீர்கள். கேள்வியே கேட்காமல் குட்டியைக் கையில் கொடுப்பவர்களிடம்தான் யோசிக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால்? உங்கள் குழந்தைக்கு அலர்ஜி, ஏற்கெனவே இருக்கும் நாயோடு தினம் சண்டை, இப்படி நிஜமான காரணங்கள் வரலாம். எடுத்த இடத்துக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ரோட்டில் மட்டும் விடாதீர்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! பல வருஷமாக அதே தொகை. இன்றைக்கு ரெண்டு டீ, ரெண்டு வடை விலை.

மிளகு எங்கள் வீட்டில் முதல் தடவையாகக் குரைத்தது நாற்பத்தோராவது நாள் காலையில். அதுவரை இந்த நாய்க்குக் குரலே கிடையாது என்றுதான் நினைத்திருந்தோம். பால்காரர் கேட்டைத் திறந்தார், அவள் வாசல்படியில் நின்று ஒரே ஒரு தடவை குரைத்துவிட்டு, தான் போட்ட சத்தத்துக்குத் தானே பயந்து கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டாள். ஆச்சி எழுந்து வந்து, ‘இப்பதாம்ட்டி வீட்டு நாயா ஆயிருக்கு’ என்றார். அந்த வீடியோவை ஷெல்டர் அக்காவுக்கு அனுப்பினேன். இப்போது பால்காரர் தெருமுனையிலேயே ஹாரன் அடித்துவிட்டுத்தான் வருகிறார்.